குண்டு விழுமுன் விழுந்தவர்கள்

ஜப்பானுடன் போர் மூண்டால் மலாயாவையும் சிங்கப்பூரையும் பர்மாவையும் காப்பதற்கென்று பிரிட்டன் அமெரிக்காவிடம் வாங்கி இந்தப் பக்கம் அனுப்பிய பஃபல்லோ சண்டை விமானங்கள் மொத்தம் 169. அவற்றில் 20 விமானங்கள் 1941ஆம் ஆண்டின் பயிற்சி விபத்துகளிலேயே போய்விட்டன. ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையேறியது அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி. ஒரு விமானத்தைக்கூட எதிரி சுடாத காலத்தில், ஓட்டிப் பழகும்போதே நொறுங்கியவை இந்த இருபதும்.

ஜொகூரின் போர்க்கதை என்றால் மூவார் ஆற்றங்கரைச் சண்டை, பாரிட் சூலோங் படுகொலை, 1942 ஜனவரி 31இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட ஜொகூர் பாலம், அதற்குப் பின் சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடித்துப்போன ஜப்பான்காரன் காலம் என்று வரிசையாகச் சொல்வார்கள். தோட்டப்புறத்துத் தமிழர் குடும்பங்களில் அந்தக் காலத்தின் காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அதே ஜொகூரின் பால்மரங்களுக்கு மேலே, போருக்கு முந்தைய மாதங்களில் இருபது இருபத்திரண்டு வயதுப் பையன்கள் பறந்து பழகியதும், அவர்களில் சிலர் பழக்கத்திலேயே செத்ததும் யாருடைய கதையிலும் வருவதில்லை. சண்டையில் செத்தால் வீரமரணம். பயிற்சியில் செத்தால் ஒரு தந்தி, அதில் விபத்து என்று ஒரு சொல்.

அந்தச் சொல்லோடு விட்டுவிடக்கூடிய விஷயமல்ல இது.

விமானியாக வந்தவர்களில் பலர் பயிற்சிப் பள்ளியை முடித்த கையோடு கப்பலேறியவர்கள். நியூசிலாந்தின் 488ஆம் படைப்பிரிவு அதற்குச் சரியான உதாரணம். 1941 அக்டோபரில் சிங்கப்பூர் காலாங் விமானத் தளத்துக்கு வந்து, பர்மாவுக்குப் போய்விட்ட 67ஆம் படைப்பிரிவு விட்டுச்சென்ற பஃபல்லோக்களை அவர்கள் பெற்றுக்கொண்டார்கள். மலாயாப் போரின் வான் நடவடிக்கைகள் பற்றிப் பின்னாளில் அதிகாரபூர்வ அறிக்கை எழுதிய ஏர் வைஸ் மார்ஷல் பால் மால்ட்பி இதை ஒளிக்கவில்லை. இந்த வட்டாரத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் சிலர் பழைய ஹார்ட் வகை இரட்டைச்சிறகு விமானங்களைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை என்று அவர் பதிவுசெய்திருக்கிறார். சக்கரங்களை உள்ளே மடக்கும் வசதி, கோணம் மாறும் விசிறி, இறங்கும்போது சிறகின் பின்புறம் தாழும் மடிப்புத்தகடு ஆகிய மூன்றும் அவர்களுக்குப் புதிது. பஃபல்லோவில் மூன்றும் உண்டு.

பிரிட்டனில் இப்படிப்பட்டவர்களை நேரே படைப்பிரிவுக்கு அனுப்புவதில்லை. பறக்கும் பள்ளிக்கும் போர்க்களத்துக்கும் நடுவில் போர்ப் பயிற்சிப் பிரிவு என்று ஒரு கட்டம் இருந்தது. பழகிய விமானிகள் பக்கத்தில் இருந்து, கனமான, வேகமான விமானங்களில் கையைப் பழக்குவார்கள். தூரக்கிழக்கில் அப்படி ஒன்று 1941 செப்டம்பர் வரை இல்லவே இல்லை. அந்த மாதம்தான் ஜொகூரின் குளுவாங் விமானத் தளத்தில், அங்கங்கே மிச்சமிருந்த ஆஸ்திரேலிய விர்ராவே விமானங்களையும் சில பிளென்ஹைம்களையும் சேர்த்து ஒரு பயிற்சிப் பிரிவை ஒப்பேற்றினார்கள். டிசம்பரில் போர் வந்ததும் அதையும் மூடிவிட்டார்கள். மூன்று மாதம்கூட முழுதாக நடக்கவில்லை.

குளுவாங் என்றால் ரயில் நிலையத்துக் காப்பி நினைவுக்கு வரும். சுற்றிலும் ரெங்கம், பாலோ, சாமேக் என்று தமிழர் வாழ்ந்த தோட்டங்கள். அந்தத் தளம் இன்று மலேசியத் தரைப்படையின் வான் பிரிவு இருக்கும் மக்கோத்தா முகாம். அன்று அங்கே பயிற்சிக்கு நின்ற விர்ராவே, மெல்பர்னில் காமன்வெல்த் ஏர்கிராஃப்ட் நிறுவனம் கட்டியது. அமெரிக்காவின் என்.ஏ.16 பயிற்சி விமானத்தை மூலமாக வைத்துச் செய்த இரண்டு இருக்கை விமானம். இந்திய விமானப்படையில் நெடுங்காலம் ஓடிய ஹார்வர்டு இதற்குத் தாயாதி. மொத்தம் 755 விர்ராவேக்கள் கட்டப்பட்டன. உறுதியான விமானம்தான், ஆனால் ஒரு கெட்ட குணம் உண்டு: வேகம் குறைந்தால் முன்னறிவிப்பு அதிகம் தராமல் ஒரு பக்கச் சிறகு சட்டென்று சரிந்துவிடும்.

சிறகு சரிவது ஏன் உயிரை வாங்குகிறது? விமானத்தைத் தாங்குவது சிறகின் மேலும் கீழும் ஓடும் காற்று. மூக்கை அளவுக்கு மேல் தூக்கினாலோ வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போனாலோ அந்தக் காற்றோட்டம் சிறகின் மேற்பரப்பை விட்டுப் பிய்ந்துகொள்கிறது. தாங்கும் விசை போய்விடும். ஒரு சிறகில் முதலில் போனால் விமானம் அந்தப் பக்கமாகக் கவிழ்ந்து சுழலத் தொடங்கும். ஓடுதளத்தை நோக்கிக் கடைசித் திருப்பம் திரும்பும் நேரம்தான் இதற்கு வாகான நேரம். மாணவன் திருப்பத்தைக் கொஞ்சம் தாமதித்துத் தொடங்குகிறான். தளம் கைவிட்டுப் போகிறதே என்று இன்னும் இறுக்கித் திருப்புகிறான். மூக்கு தாழ்கிறது, கட்டுப்பாட்டுப் பிடியைத் தன் பக்கம் இழுக்கிறான். விமானம் அப்போது தரையிலிருந்து நூறு மீட்டருக்குச் சற்று மேலேதான். மீள்வதற்கான வழி எல்லாப் பள்ளியிலும் சொல்லிக்கொடுப்பதே: சுழலும் திசைக்கு எதிர்க்காலை அழுத்து, பிடியை முன்னே தள்ளு, சுழற்சி நின்றதும் மெல்ல மேலே எடு. ஆயிரம் மீட்டர் உயரத்தில் இது பாடம். நூறு மீட்டரில் செய்து முடிக்க நேரமில்லை. தரை எதிரே வரும்போது பிடியை முன்னே தள்ளு என்றால் எந்த மனிதனின் கையும் முதலில் மறுக்கும். அந்த மறுப்பைப் போக்கத்தான் மணிக்கணக்கான பயிற்சி.

பக்கத்தில் ஆசிரியர் இருந்தாலும் பேச்சு எட்டுவது அரிது. பயிற்சிக்குப் பேர்போன டைகர் மாத் விமானத்தில் கூரை கிடையாது. முன்னிருக்கையில் ஆசிரியர், பின்னிருக்கையில் மாணவர். இருவருக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய். ஆசிரியர் அதன் வாயில் கத்த, மாணவரின் தலைக்கவசத்துக் காதில் அது போய்ச் சேரும். காற்றும் இன்ஜினும் போடும் இரைச்சலில் பாதிச் சொல் தொலையும். தனியே பறக்கும் நாளில் அந்தக் குரலும் இல்லை.

இதற்கு மேல் மலாயாவின் வானிலை. வெயிலும் ஈரமும் சேர்ந்த காற்று அடர்த்தி குறைந்தது. சிறகுக்கும் இன்ஜினுக்கும் பிடிமானம் குறைகிறது. பிற்பகலில் இடிமேகம் கோபுரமாக எழும். விடியற்காலையில் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து சுமத்ராக் காற்று திடீரென்று அறையும். நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை ஜொகூரின் கிழக்குக் கரையை நாள்கணக்கில் மூடிவிடும். புல்தரை ஓடுதளம் சேறாகும். கீழே பார்த்து வழி கண்டுபிடிக்கலாம் என்றால், மைல் கணக்கில் ஒரே மாதிரி வரிசை பிடித்த பால்மரம், அதைத் தாண்டினால் காடு. கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இறங்கும் ரயில் பாதைதான் புதியவனுக்குக் கைத்தடி. காட்டில் விழுந்தால் மரக்கூரை மூடிக்கொள்ளும். மலாயா அவசரகாலத்தில், 1950 ஆகஸ்ட் 25 அன்று கிளந்தான் காட்டில் விழுந்த டக்கோட்டா விமானத்தில் இருந்த 12 பேரின் எச்சங்கள் 2008இல்தான் மீட்கப்பட்டன. அது பயிற்சி விமானம் அல்ல. இந்தக் காடு எப்படி விழுங்கும் என்பதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போர் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. பயிற்சிக்கென்று வைத்திருந்த விமானங்களையே சண்டைக்கு அனுப்பினார்கள். குளுவாங்கில் மாணவர்களைச் சுமந்த விர்ராவேக்கள் 1942 ஜனவரி நடுவில் மூவார் பக்கம் ஜப்பானியப் படகுகள்மேல் குண்டு போடப் போயின. விர்ராவேயின் உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ஜப்பானின் சீரோ அதைவிட 150 கிலோமீட்டருக்கும் மேல் வேகமானது. அதே ஜனவரி 20 அன்று நியூகினிப் பக்கத்து ரபாவுல் தளத்தில் எட்டு விர்ராவேக்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்களை எதிர்த்தன. சில நிமிடங்களில் ஆட்டம் முடிந்தது. ஆறு பேர் இறந்தார்கள். அந்த விமானத்தைச் சண்டைக்குத் தகுந்ததென்று எண்ணியவர்கள் அதில் ஏறியவர்கள் அல்லர்.

ஜொகூரின் கிழக்குக் கரையிலுள்ள எண்டாவில் நடந்தது இதைவிடக் கொடுமை. ஜனவரி 26இல் அங்கே கரையேறிய ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கச் சிங்கப்பூரின் சிலேத்தார் தளத்திலிருந்து 36, 100ஆம் படைப்பிரிவுகள் புறப்பட்டன. வில்டபீஸ்ட் என்ற அந்த இரட்டைச்சிறகு விமானங்கள் துணி போர்த்தியவை, மணிக்கு 230 கிலோமீட்டரைத் தாண்டாதவை. அவற்றுக்கு மாற்றாக வரவேண்டிய புதிய விமானங்கள் வந்தபாடில்லை. பட்டப்பகலில் இரண்டு அலைகளாகப் போனவற்றில் ஏறக்குறையப் பாதி திரும்பவில்லை. இது விபத்து அல்ல, சண்டை. ஆனால் வேறு வேலைக்கென்று கட்டிய, காலாவதியான விமானத்தில் ஆளை ஏற்றி அனுப்பிய முடிவு, பயிற்சி முடியாதவனைப் பஃபல்லோவில் ஏற்றிய முடிவுக்கு உடன்பிறப்பு.

இவர்களோடு இன்னொரு கூட்டமும் பறந்தது. மலாயாவின் பறக்கும் கிளப்புகளில் இருந்தவர்களைச் சேர்த்து 1940இல் மலாயாத் தொண்டர் விமானப்படை உருவாக்கப்பட்டிருந்தது. சிவில் விமானத்துறை இயக்குநராக இருந்த ஆர்.எல். நன் அதன் தலைவர். டைகர் மாத் போன்ற கிளப் விமானங்களில், துப்பாக்கி ஒன்றும் இல்லாமல், மரநுனிகளை உரசியபடி செய்தி கொண்டுபோனார்கள், எதிரி எங்கே வருகிறான் என்று பார்த்துச் சொன்னார்கள். மெதுவாக, தாழ்வாகப் பறந்ததே அவர்களுக்குக் கவசமானது. சிங்கப்பூரிலிருந்து தப்பிப்போன நன், 1942 மார்ச் 1இல் மூழ்கடிக்கப்பட்ட ரூஸ்பூம் கப்பலில் இறந்தார்.

பயிற்சி விமானத்தை ஆயுதமாக்கும் பழக்கம் அந்தப் போரோடு நின்றுவிடவில்லை. 1980களில் இலங்கை விமானப்படை வாங்கிய எஸ்.எஃப்.260 என்ற இத்தாலியப் பயிற்சி விமானம் யாழ்ப்பாணத்து வீடுகள்மேல் குண்டு போட்டது. அதைச் சியாமாசெட்டி என்று சொல்லிப் பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் இன்று மலேசியாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். பறக்கக் கற்றுக்கொடுக்கக் கட்டிய எந்திரம் என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

வென்ற ஜப்பானும் இதே குழியில்தான் விழுந்தது. போரின் தொடக்கத்தில் அதன் கடற்படை விமானிகள் பல நூறு மணி நேரம் பறந்து தேர்ந்தவர்கள். அந்தத் தலைமுறை பசிபிக்கில் மடிந்தபின், எரிபொருள் வற்றிய நாட்டில், நூறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ பறந்தவர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. பைன் மர வேரிலிருந்து எண்ணெய் வடிக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு. கடைசியில் பயிற்சி விமானங்களையே தற்கொலைத் தாக்குதலுக்கு விட்டார்கள். ஜப்பானியர் சிவப்புத் தும்பி என்று அழைத்த மரமும் துணியுமான இரட்டைச்சிறகுப் பயிற்சி விமானம் ஒன்று, 1945 ஜூலை 29 அதிகாலையில் ஒக்கினாவா அருகே அமெரிக்காவின் காலகன் போர்க்கப்பலை மோதி மூழ்கடித்தது. கப்பலில் 47 பேர் இறந்தார்கள். ஓட்டியவரும் பயிற்சி விமானத்தில் ஏறிச் செத்தவர்தான்.

அந்தக் காலத்தில்தான் நம்மவர் சிலரும் ஜப்பானில் பறக்கப் படித்தார்கள். சுபாஷ் சந்திர போஸ் மலாயா, பர்மாவிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பிய நாற்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்களில் ஒரு பகுதியினர் விமானப் பயிற்சிக்குப் போனார்கள். படிப்பு முடிவதற்குள் போர் முடிந்தது. அவர்களில் ஒருவரான ரங்கூன் பையன் ரமேஷ் பெனகல் பின்னர் இந்திய விமானப்படையில் சேர்ந்து, 1971 போரில் மகாவீர் சக்ரா பெற்றார். இன்னும் ஓராண்டு போர் நீடித்திருந்தால், அரைகுறைப் பயிற்சியோடு அந்தப் பையன்களும் எதில் ஏற்றப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கவே மனம் பதைக்கிறது.

ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவுக்கு இந்தக் கதையில் இடம் கிடைப்பது 1945க்குப் பிறகு. இன்று தெப்ராவ் என்றால் பேரங்காடிகளும் மவுண்ட் ஆஸ்டின் குடியிருப்புகளும் நெரிசல் பிடித்த நெடுஞ்சாலையும். ஜப்பான் சரணடைந்தபின் சில மாதங்களுக்கு அங்கே விசித்திரமான காட்சி நடந்தது. தென்கிழக்காசியாவில் கைப்பற்றிய ஜப்பானிய விமானங்களை ஆராயும் நேச நாட்டுத் தொழில்நுட்ப உளவுப் பிரிவு, 1946 தொடக்கத்தில் தெப்ராவ் தளத்தில் அவற்றைப் பறக்கவிட்டுப் பார்த்தது. உடலில் பிரிட்டிஷ் வட்டக்குறி. பழுது பார்த்தவரும் ஓட்டியவரும் தோற்றுப்போன ஜப்பானியக் கடற்படையினர். ரைடன் என்ற இரண்டு சண்டை விமானங்கள் சேர்ந்து பறக்கும் படம் இன்றும் விமான வரலாற்று நூல்களில் காணக் கிடைக்கிறது. மொத்தம் 64 விமானங்கள்வரை இந்தப் பிரிவு சேர்த்தது. இங்கிலாந்துக்குக் கொண்டுபோகக் கப்பலில் இடமில்லாமல் நான்கு மட்டுமே போய்ச்சேர்ந்தன. ஜொகூரில் கைப்பற்றப்பட்ட கி-46 வேவு விமானம் ஒன்று பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

குளுவாங்கையும் தெப்ராவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கிறது. போர் முடிந்தபின், அவசரம் இல்லாதபோது, பழகாத விமானத்தைப் பழகியவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதிரியாக இருந்தவனிடமே நம்பிக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் தங்கள் சொந்தப் பையன்கள் விஷயத்தில் அதே அறிவு அவசரத்துக்குப் பலியாகியிருந்தது.

உலகக் கணக்கைப் பார்த்தால் மலாயா ஒரு மூலைதான். போர் நடந்த ஆண்டுகளில் அமெரிக்கத் தரைப்படை விமானப் பிரிவு, எதிரியே இல்லாத தன் சொந்த மண்ணில், விமான விபத்துகளில் ஏறக்குறைய 15,000 பேரை இழந்தது. கனடாவில் நடந்த காமன்வெல்த் பயிற்சித் திட்டம் 1,31,553 பேரை விமானப் பணிக்குத் தயார்செய்தது; பயிற்சியில் இறந்தவர்கள் 856. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் இறந்த 55,573 பேரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் விபத்துகளில் போனவர்கள். தெப்ராவுக்கு எதிரே, நீரிணைக்கு அப்பால் கிராஞ்சி போர் நினைவகத்தில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறித்த சுவர்கள் உண்டு. இந்தியப் படைவீரர்களின் பெயர்களும், உடல் கிடைக்காத விமானிகளின் பெயர்களும் அதில் இருக்கின்றன. யார் சண்டையில் செத்தார், யார் பழகும்போது செத்தார் என்று அந்தக் கல் பிரிப்பதில்லை. அது நல்லதே.

விபத்து விசாரணைக் காகிதங்களில் அன்று அடிக்கடி எழுதப்பட்ட காரணம் விமானியின் தவறு என்பது. அதை நம்ப மறுத்த ஒருவர் அமெரிக்க உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ். பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே, விமானிகள் மடிப்புத்தகட்டை ஏற்றுவதற்குப் பதில் சக்கரத்தை மடக்கிவிட்டு வயிற்றில் சறுக்கியது திரும்பத் திரும்ப நடந்தது. சபானிஸ் விமானிகளை விட்டுவிட்டு அவர்கள் அமர்ந்த இடத்தை ஆராய்ந்தார். சக்கரத்துக்கும் தகட்டுக்கும் உரிய இரண்டு விசைகளும் அருகருகே, ஒரே வடிவில் இருந்தன. களைத்துப்போன கை இருட்டில் எதைத் தொடுகிறது என்று எப்படி அறியும்? அதே வேலையைச் செய்யும் வேறு விமானங்களில் விசைகள் தள்ளி வைக்கப்பட்டிருந்தன, அங்கே இந்தத் தவறு நடக்கவில்லை.

அவர் செய்தது இவ்வளவே: சக்கர விசையின் நுனியில் சிறிய ரப்பர் சக்கரம், தகட்டு விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு. பார்க்காமலே விரல் கண்டுகொள்ளும். இப்போது பயணிகள் விமானங்களில் சக்கர விசையின் பிடி சக்கர வடிவில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. தெப்ராவிலிருந்து அதிக தூரமில்லாத செனாய் விமான நிலையத்தில் நாள்தோறும் இறங்கும் விமானங்களிலும் துணை விமானியின் கை எட்டும் இடத்தில் அந்தக் குட்டிச் சக்கரம் இருக்கிறது.